லிஃப்ட் போட்டதிலிருந்து வண்டி நேரா ஓடமாட்டேங்குது: ஸ்டீரிங் டேம்பர் மாத்தினா சரியாகுமா?

கேள்வி, பிப்ரவரி 3

முன்னாலும் பின்னாலும் திட அச்சு (ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற ஒரே அச்சு), காயில் ஸ்பிரிங். 50 மி.மீ. லிஃப்ட், அதாவது வண்டியை உயர்த்துற ஸ்பிரிங் கிட், கூடவே ஒரு சைஸ் பெரிய டயர். 60 கி.மீ. தாண்டினா ஸ்டீரிங் மிதக்குது. பள்ளத்துல இறங்கினா வண்டி இடதுபக்கம் குத்துது. வளைவு முடிஞ்சாலும் ஸ்டீரிங் தானா திரும்பல, நான்தான் இழுத்து வைக்கணும். அலைன்மென்ட் பார்த்தாச்சு, தாள் முழுக்க பச்சை. லிஃப்ட் போட்டவர் கனமான ஸ்டீரிங் டேம்பர் போட்டா எல்லாம் அடங்கிடும்னு சொல்றார். போடலாமா?

பிப்ரவரி 4, காலை

போடாதீங்க. இப்போதைக்கு.

டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், ஆட்டம் எங்கிருந்து வருதுன்னு சொல்லாது. நீங்க எழுதினதுல மூணு தனித்தனி நோய் இருக்கு. மிதக்குது, குத்துது, திரும்பல. மூணுக்கும் ஒரே காரணம் இருக்கணும்னு இல்லை.

தானா திரும்பலன்னா என் முதல் சந்தேகம் கேஸ்டர் மேல. நக்கிள், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்புற பாகம், திரும்புற அச்சு மேல்பக்கம் கொஞ்சம் பின்னால சாய்ஞ்சிருக்கணும். சைக்கிள் முன் ஃபோர்க் சாய்வு மாதிரி. அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேருக்கு இழுத்து வைக்குது. ரேடியஸ் ஆர்ம் (அச்சிலிருந்து பின்னால சேசிஸுக்குப் போற கை) வச்ச வண்டியில ஆர்மும் அச்சும் ஒட்டுன மாதிரி. சேசிஸ் மேல போனா ஆர்மோட பின்முனை மேல போகும், அச்சு முன்பக்கமா உருளும், கேஸ்டர் குறையும். கணக்கு சிம்பிள்: ஆர்ம் 80 செ.மீ., லிஃப்ட் 5 செ.மீ.ன்னா சுமார் 3.6 டிகிரி போச்சு. முதல்லயே மூணு மூணரைதான் இருந்திருக்கும். மிச்சம் பூஜ்யம்.

நானும் போன மாசம்தான் லிஃப்ட் போட்டேன், இதே அமைப்பு. என் கதையும் கிட்டத்தட்ட இதுதான். நடக்க நடக்க எழுதுறேன்.

அந்தப் பச்சைத் தாளை இன்னொரு தடவை பாருங்க. டோ, அதாவது சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கற கோணம், அது மட்டும்தான் பச்சையா இருக்கும்னு நினைக்கிறேன்.

பிப்ரவரி 4, இரவு

நினைச்சது சரி. கேஸ்டர் கட்டத்துல சிவப்பு, பக்கத்துல பேனாவால ஒரு கோடு. "இந்த வண்டியில அதை அட்ஜஸ்ட் பண்ண வழியில்லை சார், விடுங்க" என்றாராம் அலைன்மென்ட் கடைக்காரர். எனக்கும் இதே வசனம்தான் சொன்னாங்க, ஆள் வேற, இடம் வேற. அட்ஜஸ்ட் பண்ண போல்ட் இல்லைங்கறது உண்மை. அதனால கோளாறு இல்லைன்னு ஆயிடாது.

காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க? பெரிய டயர், கனமான சைடுவால். பழைய சைஸுக்குச் சொன்ன அழுத்தம் இதுக்குப் பொருந்தாது. டயர் கடையில பலபேர் பயந்துகிட்டு ஏத்தி விட்டுடுவாங்க. ஏத்தினா டயர் நடுப்பட்டையில மட்டும் நிக்கும், சாலையில இருக்கற ஒவ்வொரு கோட்டையும் மோப்பம் பிடிச்சுகிட்டுப் போகும். டயர்ல குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேரான தார்ச்சாலையில கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து அதிகம், ஓரங்கள் மட்டும் அழிஞ்சா குறைவு. மிதப்புல பாதி இதுலயே போயிடலாம். ஒரு ஸ்பேனரும் எடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவர் டயர்ல 38 பிஎஸ்ஐ இருந்ததாம், 30க்கு இறக்கினாராம், மிதப்பு "கொஞ்சம்" குறைஞ்சதாம். கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேட்டா பதில் இல்லை. பரவாயில்ல.

இடதுபக்கம் குத்துறதுக்கு வருவோம். அது வேற விஷயம். ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போற டிராக் லிங்க், சேசிஸிலிருந்து அச்சுக்குப் போற பேனார்டு ராடு, இது ரெண்டும் இணையா, கிட்டத்தட்ட ஒரே நீளத்துல இருக்கணும். அச்சு மேல கீழ போகும்போது ரெண்டும் ஒரே வட்டத்துல ஆடும், ஸ்டீரிங்குக்குச் சேதி போகாது. ஒண்ணு சரிஞ்சு ஒண்ணு படுத்திருந்தா, அச்சு ஒரு அளவு பக்கவாட்டுல நகரும், லிங்க் வேற அளவு இழுக்கும். அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பும். நீங்க ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை, பள்ளம்தான் திருப்புது.

முன்னால குனிஞ்சு நின்னு பாருங்க, அளவுகோல் வேண்டாம், கண்ணே போதும். ரெண்டு ராடும் இணையா இல்லைன்னா உறுத்தும்.

ஒரு கேள்வி: லிஃப்ட் கிட்ல கீழ இறங்கின பிட்மேன் ஆர்ம் (ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து டிராக் லிங்கை ஆட்டுற கை) இருந்ததா?

பிப்ரவரி 6, பிறகு

இருந்ததாம். போட்டுட்டாராம். "கிட்ல வந்துச்சு, அதான்."

சரி, பிடிச்சாச்சு. பிட்மேனை இறக்கி டிராக் லிங்கைப் படுக்க வச்சிருக்காங்க, பேனார்டு ராடோட சேசிஸ் பக்க பிராக்கெட்டை இறக்கல. ரெண்டையும் இறக்கணும், இல்ல ரெண்டையும் விட்டுடணும். பாதிக் கல்யாணம் கிடையாது. பழைய பிட்மேன் இருந்தா திரும்பப் போடுங்க. ரெண்டும் ரொம்பச் சரிஞ்சிருந்தாலும் இணையா இருந்தா இந்தக் குத்து இருக்காது.

பிப்ரவரி 9

என் கணக்கை நானே திருத்துறேன்.

4ஆம் தேதி 3.6 டிகிரின்னு எழுதினேன். லிஃப்ட் 50 மி.மீ.ன்னு பெட்டியில போட்டிருந்ததை நம்பி. இன்னைக்கு டேப் எடுத்து அளந்தேன், சக்கர நடுவுலருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும். லிஃப்ட்டுக்கு முன்னாடி எடுத்த குறிப்போட கழிச்சா முன்னால 68, பின்னால 52. ஸ்பிரிங் வாங்கும்போது "அப்புறமா வின்ச் போடுவேன், கனமான பம்பர் போடுவேன்"னு கனரக ரகம் எடுத்தேன். வின்ச் இன்னும் மனசுலதான் இருக்கு. எடை இல்லாத ஸ்பிரிங் அமுங்காம நிக்குது.

ஆர்ம் பின்முனை இருக்கற இடத்துல சுமார் 65 மி.மீ. உயர்ந்திருக்கு. அப்போ 4.6 டிகிரி. லிஃப்ட்டுக்கு முன் எடுத்த தாளில் 3.4. இப்போ மைனஸ் 1.2. பூஜ்யம் கூட இல்லை, எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. கடைச் சாமான் தள்ளுவண்டியோட கெட்டுப்போன சக்கரம் எப்படித் தானா சுத்துமோ, அதே குணம். இத்தனை நாளா இதைத்தான் ஓட்டிகிட்டு இருந்திருக்கேன்.

பெட்டியில போட்டிருக்கறது விளம்பரம், டேப்புல வர்றதுதான் லிஃப்ட். லிஃப்ட் போடறதுக்கு முந்தின நாளே நாலு மூலையும் அளந்து எழுதி வைக்காதவங்க இந்த இடத்துல கண்ணைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க.

பேனார்டு ராடு கணக்கையும் போட்டேன். ராடு 85 செ.மீ., முதல்ல ஒரு முனை 10 செ.மீ. தாழ்வு. 5 செ.மீ. ஏத்தினா அச்சு 7 மி.மீ. பக்கவாட்டுல நகரும். இன்னொரு 5 ஏத்தினா மேற்கொண்டு 10 மி.மீ.க்கு மேல. ஏத்த ஏத்த வேகமா நகருது. ஒரு பக்கச் சக்கரம் மட்கார்டை விட்டு வெளிய எட்டிப் பார்க்கறதா சிலர் கேட்டது இதனாலதான். 7 மி.மீ.க்கு வண்டி ஓட்டத்துல ஒண்ணும் தெரியாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். நீளம் மாத்துற பேனார்டு ராடு போட்டா தீரும்.

பிப்ரவரி 10

"ரெண்டு பேர் பின்சீட்ல ஏறினா ஸ்டீரிங் இன்னும் லேசாகுது" என்று ஒருத்தர். வாழ்த்துகள், மாமனார் மாமியாரை வச்சே அலைன்மென்ட் பண்ணலாம்.

பிப்ரவரி 14

கேஸ்டர் புஷ் வந்தது, ஆர்மை அச்சோட சேர்க்கற போல்ட்டைச் சுத்தி உட்கார்ற உருளை. நடுவுல இல்லாம ஓட்டை ஒதுங்கியிருக்கற ரகம், 3 டிகிரி திருத்தும்னு போட்டிருந்தது. பழைய ரப்பர் புஷ்ஷை பிரஸ்ல தள்ளி எடுக்கவே அரை நாள். துரு பிடிச்சு ஸ்லீவ் ஆர்மோட பத்திகிட்டது.

நடந்ததைச் சொல்றேன், சிரிச்சுக்கோங்க. வலது ஆர்ம் போட்டாச்சு. இடது ஆர்மைத் தூக்கி வச்சா, அச்சைப் பிடிக்கற ரெண்டு போல்ட்டுல முன் போல்ட் உள்ள போயிடுச்சு, பின் போல்ட் ஓட்டைக்கும் ஸ்லீவுக்கும் ஒரு விரல் இடைவெளி. ஜாக்கியால அச்சைக் கொஞ்சம் உருட்டினேன், பாதி வந்தது. பெல்ட் கட்டி இழுத்தேன். கடைசியில சம்மட்டியைக் கையில எடுத்துட்டேன். அப்புறம்தான் கீழ உட்கார்ந்து புஷ் விளிம்பைத் துடைச்சேன். விளிம்புல சின்ன வெட்டு ஒண்ணு இருக்கும், ஓட்டை எந்தப் பக்கம்னு காட்டும். வலதுல முன் புஷ் ஓட்டை மேல, பின் புஷ் ஓட்டை கீழ. இடதுல முன்னது கீழ, பின்னது மேல. தலைகீழ். ஒரு ஆர்ம் அச்சைப் பின்னால உருட்டப் பார்க்குது, இன்னொண்ணு முன்னால. சம்மட்டி போட்டு ஏத்தியிருந்தா போல்ட் ஏறியிருக்கும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி ஒரு மாசத்துல புஷ்ஷைக் கிழிச்சிருக்கும்.

ரெண்டு பக்கமும் தலைகீழாப் போட்டிருந்தா? போல்ட் நைசாப் போயிருக்கும். கேஸ்டர் மைனஸ் நாலு. "புஷ் போட்டும் மோசமாயிடுச்சு, எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு நானே இங்க எழுதியிருப்பேன்.

ஆகவே: முன் புஷ் ஓட்டை மேல, பின் புஷ் ஓட்டை கீழ. ஆர்ம் அச்சுக்குப் பின்னால போற வண்டிகளுக்கு மட்டும் இது.

பிப்ரவரி 15

தாள்ல இப்போ 1.9. சந்தோஷமா ஓட்டிப் பார்த்தேன். இன்னும் தானா திரும்பல!

நெடுஞ்சாலையில நிதானம் வந்திருக்கு, மிதப்பு போச்சு. ஆனா மெதுவா வளைச்சுட்டுக் கையை விட்டா ஸ்டீரிங் வளைஞ்ச இடத்துலயே நிக்குது. காலி மைதானத்துல நடக்கற வேகத்துல பத்துத் தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 15, இரவு

ஒப்புக்கறேன். லிஃப்ட் போட்ட முதல் வாரம் மிதப்பு தாங்காம ஸ்டீரிங் பாக்ஸ் மேல இருக்கற ஸ்குரூவைக் கால் சுத்து முறுக்கினேன். "பிளே இருக்கு, டைட் பண்ணு"ன்னு யாரோ சொன்னது. முறுக்கினதும் மிதப்பு குறைஞ்ச மாதிரி இருந்தது, அப்புறம் மறந்தே போச்சு.

அந்த பாக்ஸ் நேரா நிக்கற இடத்துலதான் பல்லு நெருக்கமா இருக்கும். அங்க அதிகமா முறுக்கினா நடுவுலயே பிடிச்சுக்கும், ஸ்டீரிங் நேருக்குத் திரும்ப விடாது. கேஸ்டர் குறைஞ்சா என்ன அறிகுறியோ அச்சுஅசலா அதே. ஒரு கோளாறை மறைக்க இன்னொரு கோளாறைச் செஞ்சு வச்சிருக்கேன், பத்து நாளா உங்களுக்குப் பாடம் வேற எடுத்திருக்கேன்.

பழைய இடத்துக்கு ஸ்குரூவைத் திருப்பினேன். நல்லவேளை, முறுக்கறதுக்கு முன்னாடி மார்க்கரால ஒரு புள்ளி வச்சிருந்தேன். கையை விட்டா ஸ்டீரிங் தானா வந்து நிக்குது.

பிப்ரவரி 18

இலை ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கின லீஃப் ஸ்பிரிங்) வண்டிக்காரங்க மூணு பேர் கேட்டதுக்குச் சுருக்கமா. ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோட சேர்க்கற ஆடும் இணைப்பு) நீளமானா அச்சு உருண்டு கேஸ்டர் மாறும், ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு மாதிரி தகடு வச்சுத் திருத்துவாங்க. முன்னச்சுல உயர்த்துற கட்டை வைக்கவே வைக்காதீங்க. பிரேக் போடும்போது அச்சு முறுக்கிக்கும். யூ-போல்ட்டை முதல் சில நூறு கிலோமீட்டருக்குள்ள மறுபடி முறுக்கணும்.

முன்னால தனித்தனி சஸ்பென்ஷன் வச்ச வண்டின்னா கதை வேற. உயர்த்தினா கேம்பர் (சக்கரம் மேல்பக்கம் உள்ளயோ வெளியவோ சாயற கோணம்), கேஸ்டர், டோ எல்லாமே மாறும். திட அச்சுல ரெண்டு நக்கிளையும் இணைக்கற டை ராடு தனியா நேரா இருக்கறதால லிஃப்ட்டால டோ மாறாது. தனி சஸ்பென்ஷன்ல டோ மாறினபடியே ஓட்டினா டயர் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சீக்கிரம் அரம் மாதிரி ஆயிடும். டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் கோணமும் ஏறும், அதோட ரப்பர் உறை (பூட்) கிழிய ஆரம்பிக்கும். அந்த வண்டியை நான் கழட்டினது இல்லை, இதோட நிறுத்திக்கறேன்.

பிப்ரவரி 21

பேயாட்டம். எனக்கே வந்துடுச்சு.

பாலத்துல இரும்புப் பட்டை இணைப்பு, 70ல தாண்டினேன். ஸ்டீரிங் கையிலருந்து பிடுங்கிக்கிச்சு, டேஷ்போர்டு முழுக்கக் கடகடன்னு. 30க்கு இறங்கினப்பறம்தான் நின்னது. கை நடுக்கம் ஓய்ஞ்சு ஸ்டார்ட் பண்ணவே நேரமாச்சு.

இதையும் வீல் பேலன்ஸ் நடுக்கத்தையும் குழப்பிக்காதீங்க. பேலன்ஸ்னா ஒரு வேகத்துல வரும், தாண்டினா போயிடும், சாலை எப்படி இருந்தாலும். பேயாட்டம் ஒரு அதிர்ச்சியில தொடங்கும், வேகம் குறைச்சாத்தான் நிக்கும். எங்கேயோ ஒரு தளர்ச்சி இருக்குன்னு அர்த்தம்.

பிப்ரவரி 22

வண்டியைத் தரையிலயே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, தங்கச்சி பையனை உள்ள உட்கார வச்சேன். ஸ்டீரிங்கைக் கடிகாரத்துல 11க்கும் 1க்கும் நடுவுல மட்டும் ஆட்டச் சொன்னேன், விடாம. நான் கீழ படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டா பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியல. அப்புறம் கட்டைவிரலை ஜாயிண்ட்டோட ரெண்டு பாகத்துக்கும் சேர்த்து வச்சு உணர்ந்து பார்த்தேன். டிராக் லிங்க் ஒழுங்கு. டை ராடு ஒழுங்கு. பேனார்டு ராடு சேசிஸ் முனையில விரல்ல ஒரு டிக். ஆட்டத்துக்கு ஒரு டிக். போல்ட் தலையைச் சுத்தி துருப்பொடி, செங்கல் நிறத்துல, மெலிசா.

கழட்டினா போல்ட் உடம்புல பளபளன்னு ஒரு பட்டை. பிராக்கெட் ஓட்டை வட்டமா இல்லை, முட்டை வடிவம். மிஞ்சிப்போனா அரை மி.மீ. அந்த அரை மி.மீ. போதும், அச்சு முழுக்கப் பக்கவாட்டுல ஆட.

அதே படுக்கையில கிங்பின் பேரிங்கும் (நக்கிள் திரும்புற இடத்துல இருக்கறது) பார்த்தேன். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வச்சு, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டணும். ஆட்டம் இருந்தா ஒருத்தரைப் பிரேக் அழுத்தச் சொல்லுங்க. அழுத்தினதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலன்னா கிங்பின். எனக்கு ரெண்டும் நல்லா இருந்தது.

பிராக்கெட்டுல கெட்டித் தகடு வச்சு வெல்டு பண்ணி சரியான அளவுக்குத் துளை போட்டாச்சு, புது போல்ட். டேம்பரைக் கழட்டிட்டு அதே பாலத்துல மூணு தடவை போனேன், முதல்ல 40, அப்புறம் 55, அப்புறம் 70. சும்மா ஒரு தட்டு, அவ்வளவுதான். டேம்பரைத் திரும்ப மாட்டினேன்.

முதல் நாள் கனமான டேம்பர் போட்டிருந்தா இந்த ஓட்டை இன்னும் பல மாசம் சத்தமில்லாம பெருசாகிகிட்டே போயிருக்கும்.

பிப்ரவரி 24

கேள்வி கேட்டவர் பழைய பிட்மேன் போட்டுட்டார். குத்து நின்னுடுச்சாம். ஆனா ஸ்டீரிங் நடுவுல இல்லை, வலதுபக்கம் சாய்ஞ்சு நிக்குது, சில வளைவுல ஸ்டெபிலிட்டி விளக்கு மினுக்கி பிரேக் தானா பிடிக்குதாம்.

பயந்துடாதீங்க. வண்டி உயர்ந்ததும் டிராக் லிங்க் சரிஞ்சது, அது எட்டுற தூரம் குறைஞ்சது, அதான் ஸ்டீரிங் கோணல். லிங்க்கோட நடு அட்ஜஸ்டரைச் சுத்தி நேராக்குங்க. ஸ்டீரிங் வீலைக் கழட்டிப் பல்லு மாத்திப் போட்டு ஏமாத்தாதீங்க. ஸ்டீரிங் கோண சென்சார் "டிரைவர் வலதுபக்கம் திருப்பறார்"னு சொல்லுது, வண்டி நேராப் போகுது. கம்ப்யூட்டருக்கு அது சறுக்கல் மாதிரி தெரியும், பிரேக்கைப் பிடிக்கும். நேராக்கினப்பறம் ஸ்கேனர்ல சென்சாருக்குப் பூஜ்யம் வைக்கணும்.

பிப்ரவரி 27

பின்பக்கத்தை எல்லாரும் மறந்துடறோம், நானும்தான். பின் ஆர்ம்கள் முன்முனை மேல, பின்முனை கீழன்னு சரிஞ்சிருந்தா, வளைவுல வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னால தள்ளப்படும், உள்பக்கச் சக்கரம் முன்னால வரும். பின்னச்சு தானே ஸ்டீரிங் பண்ணும், அதுவும் வளைவுக்கு எதிர்ப்பக்கம். பின்பக்கம் வழுக்கிகிட்டு வர்ற மாதிரி தோணும். முன்பக்கத்தை எத்தனை சரிபண்ணாலும் இது போகாது. ஆர்மோட சேசிஸ் முனையை இறக்கணும், அல்லது உயரத்தைக் குறைக்கணும்.

சில பழைய வண்டிகள்ல பின்னச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி, அதுல ஒரு பிரேக் வால்வு. சுமை எவ்வளவுன்னு உயரத்தை வச்சுப் புரிஞ்சுக்கும். லிஃப்ட் போட்டா அதுக்கு வண்டி காலியா இருக்கற மாதிரி தோணும், பின் பிரேக்கைக் குறைச்சுடும், முன்பக்கம் முழுக்க மூக்கு குத்தும். அந்தக் கம்பியோட அச்சுப் பக்க பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கே உயர்த்தணும். பிரேக் விஷயத்துல குத்துமதிப்பு வேண்டாம், தெரிஞ்சவர்கிட்ட விடுங்க.

மார்ச் 2

கேள்வி கேட்டவருக்கு இன்னும் மிச்சம்: வண்டி லேசா இடதுபக்கம் இழுக்குது, மேடுபள்ளத்துல கட்டை மாதிரி இடிக்குது. முன் டயர் ரெண்டையும் இடவலமா மாத்திப் பார்க்கச் சொன்னேன். இழுப்பு பக்கம் மாறினா டயர் குத்தம். மாறல.

ஆர்ம் போல்ட்டை எல்லாம் எப்போ முறுக்கினாங்கன்னு கேட்டேன். "ஜாக்கியில தூக்கி வச்சிருந்தப்போவே, சக்கரம் தொங்கும்போது."

அவ்வளவுதான் விஷயம். ரப்பர் புஷ் ஒரு முறுக்கு ஸ்பிரிங். தொங்கற நிலையில இறுக்கிட்டா அதுதான் தன்னோட இயல்பு நிலைன்னு உட்கார்ந்துக்கும். வண்டியை இறக்கினதும் எல்லா புஷ்ஷும் முறுக்கிகிட்டு எப்பவும் மேல தள்ளிகிட்டே இருக்கும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. இழுப்பு, இடிப்பு ரெண்டும் அதுலயே வரலாம். வண்டி தரையில நாலு சக்கரத்துலயும் நிக்கணும். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பம்பரைப் பிடிச்சு அமுக்கி விட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச்.

மார்ச் 5

தளர்த்தும்போது மூணாவது போல்ட்டுல "டொம்"னு ஒரு சத்தமாம், வண்டியே ஒரு குலுக்கு குலுங்கிச்சாம். முன்பக்கம் 12 மி.மீ. உட்கார்ந்துடுச்சு. இழுப்பு போச்சு. கேஸ்டரும் தாள்ல முக்கால் டிகிரி கூடியிருக்கு, உயரம் குறைஞ்சதால. மிச்சத்துக்குப் புஷ் போடப் போறார். ஓட்டை எந்தப் பக்கம்னு ரெண்டு தடவை கேட்டுட்டார்.

மார்ச் 19

1,000 கி.மீ. ஆச்சு. என் வண்டியில மிச்சம் ஒண்ணே ஒண்ணு: நாலு சக்கர ஓட்டத்துல 50க்கு மேல முன் ஷாஃப்ட்ல ஒரு முனகல். கேஸ்டரைத் திருத்த அச்சைப் பின்னால உருட்டினேன், கூடவே டிஃபரன்ஷியல் மூக்கும் கீழ பார்க்குது, முன் ஷாஃப்ட்டுக்குச் சக்தி தர்ற டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல போயிடுச்சு, ஜாயிண்ட் கோணம் கூடிடுச்சு. ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. சேத்துல 50ல யாரும் போறதில்லை. விட்டுட்டேன்.

பேனார்டு போல்ட்டுல நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன். இன்னைக்குப் பார்த்தேன், கோடு உடையல. பின் இடது ஷாக்லதான் எண்ணெய் ஈரம்.